முதலில் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்

ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தடிமனான ஒரு ஃபைலோடுதான் வருவார்கள். பட்டச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதில் இருக்கும். அதைத் திறக்க விடாமல் நான் மூன்று தேதிகளைக் கேட்பேன். பிறந்த தேதி, கையில் இருக்கும் விசா முடிகிற தேதி, கடைசியாக ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்த தேதி. "ஜோசியர்கிட்ட வந்த மாதிரி இருக்கு மேடம்" என்று ஒரு பையன் சிரித்தான். சென்னைப் பையன், சாஃப்ட்வேர் வேலை. முப்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருந்தன. அன்று காலை எழும்போது அவன் கணக்கில் ஐந்து பாயிண்ட் குறைந்திருக்கும் என்று அதுவரை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிட்னிக்கு மேற்கே வென்ட்வொர்த்வில்லில் நான் பதிவுபெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட். பிறந்தது காரைக்குடி. சென்னையில் வங்கி வேலையில் இருந்தேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்தேன். எங்கள் விசா மனுவை நானே நிரப்பினேன். அதைப் பார்த்த சிநேகிதி ஒருத்தி தன்னுடையதையும் நிரப்பித் தரச் சொன்னாள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவுக்குள் இருந்துகொண்டு, பதிவோ வழக்கறிஞர் தகுதியோ இல்லாமல் அடுத்தவருக்கு விசா ஆலோசனை சொல்வது, சில விலக்குகள் தவிர, சட்டப்படி குற்றம். இலவசமாகச் சொன்னாலும் தப்ப முடியாது. இவ்வளவு கட்டுப்பாடு வைக்கிற அளவுக்கு அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று படிப்பில் சேர்ந்தேன்.

குடியேற்றச் சட்டத்தில் ஒரு கிராஜுவேட் டிப்ளமோ, அதன்மேல் கேப்ஸ்டோன் என்ற பொதுத் தேர்வு. அதில் எழுத்துத் தேர்வு உண்டு, வாய்மொழித் தேர்வும் உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறை மேஜையில்தான் என் வகுப்பறை. 1958ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் ஒரு பக்கம், 1994ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னொரு பக்கம். சட்டமாவது படிக்கக்கூடியதாக இருந்தது. விதிமுறைகளைப் படிக்க வங்கிச் சுற்றறிக்கைகளில் ஊறிய எனக்கே நாக்கு தள்ளிப்போனது. ஒரு விசாவுக்கு உரிய நிபந்தனை ஒரே இடத்தில் இருக்காது. மனு செல்லுபடியாகுமா என்பது முதல் அட்டவணையில் இருக்கும். விசா கொடுக்கலாமா என்பது இரண்டாவதில். பொய் ஆவணம், உடல்நலம், நடத்தை எல்லாம் நான்காவதில். விசா கிடைத்த பிறகு என்ன செய்யலாம், கூடாது என்பதைப் பார்க்க எட்டாவதற்குப் போக வேண்டும்.

முதல் அட்டவணைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் மண்டையில் ஏறத்தான் எனக்கு நாளானது. இரண்டாவதில் தவறினால் விசா மறுக்கப்படும். மறுத்ததை எதிர்த்துப் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதலாவதில் தவறினால் மனுவே போடவில்லை என்று அர்த்தம். மறுப்பு என்று ஒன்று இல்லாததால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடும் இல்லை. தவறான படிவத்தில், தவறான இடத்தில் இருந்துகொண்டு, சரியான மனிதர் போட்ட மனுக்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இந்தச் சட்டத்தின் வரலாறு கொஞ்சம் அசிங்கமானது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1901இல் ஆஸ்திரேலியா ஒரே நாடாகச் சேர்ந்ததும் இயற்றிய ஆரம்பச் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவர் வரக்கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதவில்லை. கப்பலில் வந்திறங்குகிறவருக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் டிக்டேஷன் கொடுக்கலாம் என்று மட்டும் எழுதினார்கள். எந்த மொழி என்று தீர்மானிப்பது அதிகாரி. வந்தவருக்கு ஆங்கிலம் தெரிந்தால் வேறொன்றில் கொடுப்பார். 1934இல் எகோன் கிஷ் என்ற பத்திரிகையாளர், நாஜி எதிர்ப்பாளர், உள்ளே வரக்கூடாது என்று அரசு முடிவு செய்தது. அவர் மெல்பர்ன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். மனிதருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். அதனால் சிட்னியில் அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். இந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் அது சேராது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அதில் மகா கோபம். 1958ஆம் ஆண்டுச் சட்டம்தான் டிக்டேஷன் தேர்வுக்கு முடிவு கட்டியது.

தொழில்திறன் விசாவுக்கான இன்றைய பாயிண்ட் முறையில் அப்படிப்பட்ட கள்ளத்தனம் கிடையாது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. வயது 25 முதல் 32 வரை என்றால் 30 பாயிண்ட். 33 முதல் 39 வரை 25. நாற்பதைத் தொட்டால் 15. நாற்பத்தைந்து ஆகிவிட்டால் இந்த வழி இல்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் எட்டு எடுத்தால் 20, ஏழு எடுத்தால் 10. இளங்கலைப் பட்டத்துக்கு 15. 65 இருந்தால் பட்டியலில் பெயரைப் போட்டு வைக்கலாம். அழைப்பு வருமா என்பது வேறு. நம் பிள்ளைகள் குவிந்து கிடக்கிற ஐ.டி. துறையில் 65ஐ வைத்துக்கொண்டு காத்திருந்தால் தலை நரைத்துவிடும்.

நுணுக்கம் எங்கே என்றால், இந்தப் பாயிண்ட்டை எந்த நாளில் எண்ணுகிறார்கள் என்பதில். பட்டியலில் பெயர் போட்ட நாளும் அல்ல, விசா கட்டணம் கட்டிய நாளும் அல்ல. அரசு 'வந்து மனுச் செய்' என்று அழைப்பு அனுப்புகிற நாள். அன்றைக்கு வயது என்ன, ஆங்கிலத் தேர்வு முடிவு கையில் இருந்ததா, கல்யாணம் ஆகியிருந்ததா என்று பார்ப்பார்கள். ஆம், கல்யாணமும்தான். தனி ஆளுக்குப் பத்துப் பாயிண்ட். மணமானவருக்கு, துணைவரும் தகுதிபெற்ற தொழிலாளராகவோ ஆஸ்திரேலியக் குடிமகளாகவோ இருந்தால் பத்து. ஆங்கிலம் மட்டும் போதுமான அளவு இருந்தால் ஐந்து. அதுவும் இல்லையென்றால் சுழி. தை மாதம் முகூர்த்தம் குறித்துவிட்டு மார்கழியில் என்னிடம் வந்த அம்மா ஒருவர், "தேதியைத் தள்ளி வைக்கணுமா மேடம்?" என்று கேட்டார். தள்ளி வைக்கச் சொல்வது என் வேலை இல்லை. கல்யாணம் ஆன பிறகு அதை மறைத்து 'தனி ஆள்' என்று விட்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்வது என் வேலை. அதைச் சொன்னேன். முகூர்த்தம் மாறவில்லை. பையன் பத்துப் பாயிண்ட்டை விட்டுவிட்டு ஐந்தோடு காத்திருந்தான்.

அழைப்பில் ஓர் எண் அச்சாகி வரும். 85 என்று சொல்லி அழைப்பு வாங்கியவரை, அதிகாரி கூட்டிப் பார்க்கையில் 80தான் தேறினால், 65க்கு மேலே இருக்கிறாரே என்று விட்டுவிட மாட்டார்கள். மறுப்புதான். ஐ.டி. ஆட்கள் சறுக்குகிற இடம் இது. ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி அவர்களுடைய தகுதியை மதிப்பிடும்போது, வேலைக்கு நெருக்கமான படிப்பு படித்தவருக்கும் வழக்கமாக முதல் இரண்டு வருட அனுபவத்தைக் கழித்துவிடும். தொழில் கற்றுக்கொண்ட காலம் என்று கணக்கு. ஐந்து வருட அனுபவம் மூன்றாகிவிடும். பத்துப் பாயிண்ட் ஐந்தாகிவிடும். இதைக் கவனிக்காமல் ஐந்து வருடம் என்றே நிரப்பியவர், கட்டணம் கட்டி, மெடிக்கல் முடித்து, வீட்டுச் சாமான்களை விற்ற பிறகு மறுப்புக் கடிதம் வாங்குவார்.

அந்த சாஃப்ட்வேர் பையனுக்கு, இழக்கப் போகிற ஐந்துக்குப் பதில் இன்னோர் ஐந்து தேடினோம். மொழிபெயர்ப்பாளர்களுக்கான நாட்டி அமைப்பு நடத்துகிற சமூக மொழித் தேர்வு இருக்கிறது, தமிழிலும் எழுதலாம். இரண்டு உரையாடல்களைக் கேட்டு இங்குமங்குமாக மாற்றிச் சொல்ல வேண்டும். 90க்கு 63 எடுத்தால் ஐந்து பாயிண்ட். "தமிழ்தானே மேடம்" என்று போனான். பயிற்சிக்கு உட்கார வைத்தபோதுதான், ஒரு வாக்கியம்கூட ஆங்கிலம் கலக்காமல் அவனால் முடிக்க முடியவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. அவன் பாட்டி தினமும் போனில் செய்தித்தாள் வாசித்துக் காட்டித் தேற்றினார்.

'எந்த நாளில்' என்ற இந்தக் கேள்விக்காக உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2010இல் பெரெங்கெல் என்பவரின் வழக்கு. அவர் மனுப் போட்டபோது ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்திருந்தார். தேர்வு நடந்ததும் முடிவு வந்ததும் மனுவுக்குப் பிறகு. மனு நாளன்று ஆங்கிலத் தகுதி கையில் இல்லையே என்று மறுத்தார்கள். அன்றிருந்த விதியை அப்படிப் படிக்கக்கூடாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்றைய பாயிண்ட் விசாவில் அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. தேர்வு அழைப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். படிக்கிற காலத்தில் அந்தத் தீர்ப்பை ஒரு துப்பறியும் கதைபோல வாசித்தேன். வினைச்சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதில் ஒருவருடைய வாழ்க்கை தொங்குகிறது என்று சொன்னால் என் கணவர் நம்ப மறுத்தார்.

நுழைந்த தேதியை ஏன் கேட்கிறேன் என்றால், சட்டத்தில் 48ஆம் பிரிவு என்று ஒன்று. கடைசியாக உள்ளே வந்த பிறகு இங்கே ஒரு விசா மறுக்கப்பட்டு, கையில் இடைக்கால விசா மட்டும்தான் என்றால், உள்நாட்டிலிருந்தே அடுத்த மனுப் போடப் பெரும்பாலான கதவுகள் மூடிவிடும். ஊருக்குப் போய் அங்கிருந்துதான் போட வேண்டும். 'ஒன்று போட்டுப் பார்ப்போம், இல்லையென்றால் வேறொன்று' என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லி வைப்பேன்.

இடைக்கால விசாவிலும் இதே கதை. பிரிட்ஜிங் விசா ஏ வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அது முடிந்துபோகும். திரும்பி வர பி வகை வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முன்பே, இங்கிருந்தே வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் ராத்திரி போன் செய்தார். "அப்பா மோசம் போயிட்டார் அக்கா. விடிய ஃபிளைட் எடுத்திட்டன். சும்மா சொல்லிப் போட்டுப் போவம் எண்டு எடுத்தனான்." சும்மா சொல்லத்தான் அழைத்தார். நல்லவேளை அழைத்தார். டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லி, பி வகைக்கு மனுப் போட்டோம். கிடைத்த பிறகுதான் பறந்தார். தகனத்துக்குப் போய்ச் சேரவில்லை. எட்டுச் செலவுக்குப் போனார். முதல் விமானத்திலேயே போயிருந்தால் மனைவியும் பிள்ளையும் இங்கே, அவர் அங்கே என்று ஆகியிருக்கும். அவர் இன்னும் என்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார். அது நியாயம்தான்.

மறுப்புக் கடிதம் வந்தால் தீர்ப்பாயத்துக்குப் போக இப்போது வழக்கமாக 28 நாள். 2024 அக்டோபரில் பழைய தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டுப் புதியதைக் கொண்டு வந்தார்கள். மின்னஞ்சல் அனுப்பிய நாளின் முடிவிலேயே அது உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் திறந்தீர்களா, ஸ்பாம் பெட்டியில் போய் விழுந்ததா என்பது அதற்குக் கவலை இல்லை. 29ஆம் நாள் வந்தவருக்காகக் கெடுவை நீட்டிக்கிற அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே கிடையாது.

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் நடந்தால் ஈழத் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே சாமான் வாங்குகிற சிலருக்கு ஒரே ஒரு தேதி மனப்பாடம். 2013 ஜூலை 19. அன்றோ அதன் பிறகோ விசா இல்லாமல் படகில் வருகிறவர் யாரும் ஆஸ்திரேலியாவில் குடியமர முடியாது என்று அன்றைய பிரதமர் கெவின் ரட் அறிவித்தார். படகு கடலில் இருக்கும்போது நாட்காட்டி மாறியது. முன்னால் வந்தவர்களில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தோருக்கு 2023 பிப்ரவரியில் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. சுமார் 19,000 பேர். அந்த வாரம் என் போன் ஓயவே இல்லை. குவீன்ஸ்லாந்தின் பிலோலா ஊர்க்காரர்கள் போராடி மீட்ட நடேஸ் – பிரியா குடும்பத்துக்கு 2022இல் நிரந்தர விசா கிடைத்ததும் அமைச்சரின் தனி அதிகாரத்தால்தான். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எந்த அமைச்சரையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதை நம்பி ஒருவருக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது ஆலோசனை ஆகாது.

துணைவர் விசாவில் தேதியைவிடத் தாள்கள்தான் படுத்தும். பணம், வீட்டு நிர்வாகம், சமூகம், பரஸ்பர உறுதி என்று நான்கு கோணத்தில் உறவைப் பார்ப்பார்கள். கல்யாணம் ஆகி இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை சிட்னி திரும்பிவிட்டான், பெண் மதுரையில் மாமியார் வீட்டில் என்றால், சேர்ந்து வாழவே இல்லையே என்று பயந்து வருவார்கள். நிரந்தரமாகப் பிரிந்து வாழக்கூடாது என்பதுதான் சட்டம் சொல்வது. விசாவுக்காகக் காத்திருப்பது அந்தப் பிரிவில் சேராது. கட்டணம் 9,000 டாலருக்கு மேல் என்றதும்தான் உண்மையான பயம் வரும்.

எனக்கு மிகக் கஷ்டமான உரையாடல் பெற்றோர் விசாதான். திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகளோடு வந்திருந்தார். "மூணு பிள்ளைங்கம்மா. பெரியவன் கோயம்புத்தூர், நடுவுல உள்ளவன் டல்லாஸ், கடைக்குட்டி இவ" என்றார். அந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எந்த ஒரு நாட்டையும்விட இங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். இந்தியாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, இங்கே ஒன்று. இரண்டு வழியிலும் தேறவில்லை.

பெரியவர் கணக்கு வாத்தியார். ஒரு தாள் வாங்கிப் போட்டுப் பார்த்தார். "அப்ப பெரியவன் இங்க பி.ஆர். வாங்கி வந்துட்டா மூணுல ரெண்டு. சரிதானே?" சரிதான். ஆனால் பெரியவனுக்கு நாற்பத்தாறு வயது. சரி, தேறிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்கு இன்றைக்குப் போடுகிற மனுவின் காத்திருப்பு 30 வருடத்துக்கும் மேல் என்று குடியேற்றத் துறையே சொல்கிறது. ஆளுக்கு ஏறத்தாழ 50,000 டாலர் கட்டுகிற வகையிலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். எழுபது வயது மனிதரிடம் இந்த எண்களைச் சொல்ல எந்தப் படிப்பும் கற்றுத் தருவதில்லை. வரிசையில் இருக்கிறவர்கள் காத்திருந்தே காலமாகிறார்கள் என்று தெரிந்தும் மனுவை வாங்கிக்கொண்டிருப்பது ஓர் அரசு செய்யக்கூடிய காரியமா என்று எனக்குப் பல நாள் தோன்றும்.

அவருக்கு நான் சொன்னது 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா. மூன்று வருடம் அல்லது ஐந்து வருடம். மொத்தமாகப் பத்து வருடம் வரை. பிள்ளைக் கணக்கு இதில் கிடையாது, வேலை பார்க்கக்கூடாது, பிறகு இதிலிருந்து நிரந்தரத்துக்கு நேர்வழி இல்லை. மகளுக்கு ஏமாற்றம். பெரியவர், "பத்து வருஷம் தாராளம்மா" என்றார்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் பதிவுக் கட்டாயம் ஆஸ்திரேலியாவுக்குள்தான் செல்லும். கோவையிலோ திருச்சியிலோ கன்சல்டன்ஸி போர்டு மாட்டியிருக்கிறவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. கல்லூரியில் சேர்த்து விட்டுக் கமிஷன் வாங்குகிற கல்வி ஏஜென்ட் வேறு, நாங்கள் வேறு. எங்களுக்கு ஏழு இலக்கப் பதிவு எண் உண்டு. இணையத்தில் பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் கொடுக்காமல் நாங்கள் வேலை தொடங்கக்கூடாது. விசா நிச்சயம் என்று உத்தரவாதம் தரக்கூடாது. வாய்ப்பே இல்லாததை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். யார் 'கேரண்டி' என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். போலி வங்கிக் கணக்கு, போலி அனுபவச் சான்றிதழ் பிடிபட்டால் மறுப்போடு வழக்கமாக மூன்று வருடத் தடையும் வரும். அடையாளத்தில் பொய் என்றால் பத்து வருடம். ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது என்ற பதில் அங்கே எடுபடாது, மோசடி யார் கையால் நடந்திருந்தாலும்.

அதனால், என்ன அனுப்பினார்களோ அதன் நகலை வாங்குங்கள். ஊரில் ஒரு கன்சல்டன்ஸியில் பணம் கட்டிய பெண் ஒருத்தி, டயட்டீஷியன், மாதக்கணக்காகக் கேட்டுக் கடைசியில் சண்டை போட்டு நகல் வாங்கி எனக்கு அனுப்பினாள். தொழில் என்ற இடத்தில் செஃப் என்று இருந்தது. "அதுக்குத்தான் சீக்கிரம் வருமாம், அதான் போட்டோம்னு சொல்றாங்க" என்றாள். அழைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, அவளுடைய சொந்தத் தொழிலில், சொந்தப் பாயிண்ட்டோடு புதிதாகப் பதிவு போட்டோம். முன்பைவிடப் பத்துக் குறைவு. இருபத்தொன்பது வயது, இன்னும் காலம் இருக்கிறது.